இருபத்து மூன்று பேருக்கு நெஞ்சு வலி

போன வாரம் நிரோஷனி அழைத்தாள். ஹட்டனில் நான் வேலை பார்த்த காப்புறுதிக் கம்பெனிக் கிளையில், நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

"ஓய்வு பெற்ற அக்கா! ஒரு நல்ல விசயம் சொல்லவா?"

இருபத்தொன்பது வயதில் வேலையை விட்ட என்னை அந்தக் கிளையில் இன்னமும் அப்படித்தான் கேலி செய்கிறார்கள். ஆறு வருஷ சேவை, ஒரு மேசைக் கடிகாரம், ஒரு துண்டு கேக். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேண்டும்? "சொல்லு" என்றேன்.

"இனிமே விசாரணைக்குப் போறப்ப வெள்ளத் தாள் கொண்டு போகத் தேவையில்லக்கா. புது ஆப் குடுத்திருக்காங்க. டிஸ்பென்சரிப் புத்தகத்தப் படம் எடுத்தா நம்ம ஆளோட வரி மட்டும்தான் தெரியும். மத்தவங்க வரியெல்லாம் தானாவே கறுப்பாகிடும்!"

நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். கினிகத்தேனையைத் தாண்டி வளைவில் பஸ் சாய்ந்தது. கம்பியைப் பிடித்திருந்த கையை என்னையறியாமல் விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு அம்மாவின் தோளில் போய் விழுந்தேன்.

"அந்தக் கறுப்ப நீக்கிப் பாக்க வழி இருக்கா?"

"இல்லக்கா. அதுதானே அதுல நல்லதே."

மறுநாள் அவளே, "மேன்முறையீடு எப்படி எழுதணும்னு நீங்க எழுதித் தாங்களேன், புதுசா வந்த நாங்க நாலு பேரும் படிக்கிறோம்" என்று செய்தி அனுப்பினாள். எப்படி எழுதவேண்டும் என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. முதன்முதலாக ஒன்று எழுதினேன். அதில் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியும்.

பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள் நான். உயர்தரம், பிறகு கணினி, பிறகு ஆங்கிலம் என்று எதையும் விடவில்லை. இருந்த இடத்தில் இருக்க முடியாத சுபாவம். வேலை கிடைத்ததும் கொழும்பில் மூன்று வாரம் பயிற்சி. அந்த மூன்று வாரத்தையும் இரண்டு வரியில் அடக்கிவிடலாம்: நோய் வந்தது பொலிசி எடுப்பதற்கு முன்பா பின்பா என்று கண்டுபிடி, கண்டுபிடித்ததைப் படம் எடு.

என் வேலை அதுதான். யாராவது பெரிய சத்திரசிகிச்சைக்கு அனுமதி கேட்டால், பணம் தருவோம் என்று ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுக்குமுன் கம்பெனி அவர் பின்னணியைப் பார்க்கும். மூன்று இடங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர் வைத்திருக்கும் கிளினிக் கொப்பி, டவுன் பாமசி, தோட்டத்து டிஸ்பென்சரி. மற்ற விசாரணைக்காரர்கள் டிஸ்பென்சரிக்குப் போகச் சோம்பல்படுவார்கள். ஜீப் போகாத பாதையில் இரண்டு மைல் ஏறவேண்டும். எனக்கோ அது கரும்பு தின்ற மாதிரி. தோட்டத்துப் பிள்ளைதானே, யார் வீட்டில் தேத்தண்ணி கிடைக்கும், எந்த நாய் கடிக்கும் என்பது வரை தெரியும்.

டிஸ்பென்சரிப் புத்தகத்தைப் படம் எடுக்க ஒரு முறை இருந்தது. மற்ற நோயாளிகளின் விவரம் நம் கண்ணில் படக்கூடாது. எனவே இரண்டு வெள்ளைத் தாள். நம் ஆளின் வரிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இடையில் ஒரே ஒரு வரி, ஜன்னல் மாதிரி. தாளின் ஓரத்தில் புத்தகத்துக்குப் பொறுப்பானவர் கையெழுத்து. பிறகு மூன்று படம். புத்தகத்தை அவரே தேடித் திறந்து தருவார். நாம் தாளை வைத்த பிறகுதான் குனிந்து பார்க்கவேண்டும். நான் இதை நாலு நிமிஷத்தில் முடிப்பேன். கிளையில் அதற்காகவே எனக்குப் பெயர்.

உடப்புசல்லாவையில் ஒருவர் தம்பியின் ஸ்கேனைத் தன்னுடையது என்று கொடுத்திருந்தார். தம்பிக்கு ஒரு சிறுநீரகம்தான் என்பதை வைத்து ஒரே நாளில் பிடித்தேன். அன்று ரிஸ்வி சேர் எழுந்து நின்று, "வாசுகி, உங்க வேகம் எங்க யாருக்கும் வராது" என்றார். அந்த ஒரு வசனத்தில் நான் இரண்டு வருஷம் ஓடினேன்.

ரிஸ்வி சேரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கிளையின் கிளைம் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. ஹட்டன் டவுனில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். குரலை உயர்த்தி ஒரு நாளும் கேட்டதில்லை. எந்தக் கோப்பையும் கடைசித் தாளிலிருந்து முதல் தாளுக்குத்தான் படிப்பார். முடிவு முதல் பக்கத்தில் இருக்கும், அதைப் பார்த்துவிட்டால் மிச்சத்தை ஒழுங்காகப் படிக்க மனம் வராது என்பார். நாம் ஒன்று சொன்னால் மறுக்க மாட்டார். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம். எங்க இருக்கு?" என்று கேட்பார். தாளைக் காட்டினால் அந்த வரியில் விரலை வைத்து, மெதுவாகத் தலையாட்டுவார். காட்ட முடியாவிட்டால் கோப்பைக் கவிழ்த்து வைத்துவிடுவார். அவ்வளவுதான். நிராகரிப்புக் கடிதங்களை மட்டும் தபாலில் போடவிடமாட்டார். ஆளை வரச்சொல்லி, எழுந்து நின்று, இரண்டு கையாலும் கொடுப்பார். அதிலுள்ள ஆங்கிலத்தைத் தானே தமிழில் வாசித்துச் சொல்வார். கடைசிப் பத்தியை, மேன்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு என்பதை, இரண்டு தடவை வாசிப்பார். இதைவிட மரியாதையாக ஒருவரை வெறுங்கையுடன் அனுப்ப முடியாது.

பழனியாண்டியின் கோப்பு வந்தது ஒரு திங்கட்கிழமை. ஐம்பது வயது. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர். மழையில் நனைந்துகொண்டு தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை. நெஞ்சில் பலமில்லாதவர் செய்ய முடியாது. அப்படிப்பட்டவர் மலையில் கத்தியோடு உட்கார்ந்துவிட்டார். கண்டியில் பார்த்தபோது இதயக் குழாயில் மூன்று அடைப்பு. பைபாஸ். அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். அதுவரை தாங்காது என்று டாக்டரே சொல்லியிருந்தார். தனியார் ஆஸ்பத்திரியில் நாள் குறித்தாயிற்று. எங்கள் கடிதம் போனால் அந்த நாள் உறுதியாகும். போகாவிட்டால் வேறொருவருக்குப் போகும்.

பொலிசியை எடுத்தது அவர் மனைவி ராஜேஸ்வரி. கொழுந்து பறிக்கிறவர். மருத்துவப் பரிசோதனை இல்லாமல் கொடுக்கும் சின்னப் பொலிசி; கேள்விப் படிவம் ஒன்றுதான். "இதற்கு முன் நெஞ்சு வலிக்குச் சிகிச்சை பெற்றதுண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை டிஸ்பென்சரியில் நின்றேன். அங்கே இருந்தவர் பட்டம் பெற்ற டாக்டர் இல்லை, உதவியாளர்தான். ஆனால் தோட்டத்துக்கு அவர்தான் டாக்டர் ஐயா. புத்தகத்தைத் திறந்து கொடுத்தார். தாள்களை வைத்தேன். பொலிசிக்கு முந்திய இரண்டு வருஷத்தில் மூன்று பதிவு. மூன்றிலும் "நெஞ்சு வலி. ஓய்வு ஒரு நாள்." அதில் ஒன்று பக்கத்தின் முதல் வரியிலேயே முத்து முத்தான எழுத்தில் இருந்தது. படத்தில் எவ்வளவு தெளிவாக விழுந்தது என்று சந்தோஷப்பட்டேன். சந்தோஷம் என்ற சொல்லை மாற்றி எழுதப் பார்த்தேன், முடியவில்லை. அன்று இருந்தது அதுதான்.

ரிஸ்வி சேர் மூன்று பதிவின் படங்களிலும் விரல் வைத்தார். வெள்ளிக்கிழமை ராஜேஸ்வரியை வரச்சொன்னோம்.

அவர் வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை, உள்ளே அடுக்கடுக்காகக் காகிதங்கள். ரிஸ்வி சேர் எழுந்து, கடிதத்தை இரண்டு கையாலும் கொடுத்து, பிறகு அதையே வாங்கி வாசித்துச் சொன்னார். "உங்க கணவருக்குப் பொலிசி எடுக்க முன்னாடியே மூணு தடவ நெஞ்சு வலி வந்திருக்கு. அத நீங்க படிவத்துல மறைச்சிருக்கீங்க. அதனால..."

ராஜேஸ்வரி சிரித்துவிட்டார்.

ஆறு வருஷத்தில் அந்த அறையில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், சாபம் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சிரித்தவர் இவர் ஒருவர்தான்.

"அது நெஞ்சு வலி இல்லீங்க சேர். அது லீவுங்க."

"லீவா?"

"ஒரு நாள் காலையில பேர் பதியிற பெரட்டுக்குப் போகலன்னா வேலைநாள் கொறஞ்சிரும். அந்த மாசத்துக் கொடுப்பனவு போயிரும். டாக்டர் ஐயா சொகமில்லன்னு துண்டு குடுத்தா மட்டும் போகாது. அதனால எங்கயாச்சும் போகணும்னா எல்லாரும் ஐயாகிட்ட துண்டு வாங்கிட்டுத்தான் போவோம். நெஞ்சு வலின்னு எழுதிக் குடுப்பாரு." என்னைத் திரும்பிப் பார்த்தார். "மிஸ்ஸுக்குத் தெரியுமே. மிஸ்ஸும் நம்ம பக்கந்தானே?"

நான் மேசையிலிருந்த படங்களைப் பார்த்தேன்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா" என்றார் ரிஸ்வி சேர். "எங்க இருக்கு?"

ராஜேஸ்வரியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. பையைத் திறந்தார், மூடினார். பொய்யென்று எழுதிக்கொடுத்த துண்டு எங்கேயாவது இருக்குமா?

அவர் போனதும் வெளியே வந்து அப்பாவுக்கு அழைத்தேன். அப்பா அப்போது பென்ஷன்காரர், வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"அப்பா, நான் அஞ்சாம் வகுப்புல பரிசு வாங்கினப்ப ஸ்கூலுக்கு வந்தீங்களே. லீவு எப்படி எடுத்தீங்க?"

"எப்படின்னா? துண்டுதான்."

"என்னான்னு எழுதினாரு?"

"நெஞ்சு வலின்னுதான். ஏம்மா?"

"எல்லாத் தோட்டத்துலயும் நெஞ்சு வலிதானாப்பா?"

"முதுகு வலின்னா தோட்டத்து தொரை லேசான வேல தர்றேன் வான்னுருவாரு. வயித்து வலின்னா மத்தியானம் வான்னுருவாரு. நெஞ்சுன்னா பயந்துக்குவாரு. ஏன், ஒனக்கு ஏதும் லீவு வேணுமா?"

டவுன் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நான் மேடையில் ஏறி வாங்கிய அந்தப் புத்தகப் பரிசு, அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து தட்டிய கை, எல்லாம் ஏதோ ஒரு டிஸ்பென்சரிப் புத்தகத்தில் நெஞ்சு வலியாக எழுதிக் கிடக்கிறது! யாராவது ஒரு வேகமான பெண் போய் அதன் மேலும் கீழும் வெள்ளைத் தாளை வைத்தால் என் அப்பா இதய நோயாளி. லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாது என்று யாரிடம் சொல்ல? தெரிந்திருக்கவேண்டியது நான் ஒருத்திதான். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் செய்திருந்தால் அது பிழை. நான் செய்ததற்கு என்ன பெயர்?

சனிக்கிழமை விடிந்ததும் மறுபடி டிஸ்பென்சரிக்கு ஏறினேன். கம்பெனி அனுப்பவில்லை, நானாகப் போனேன். டாக்டர் ஐயாவிடம் நேராகவே கேட்டேன்.

"பழனியாண்டிக்கு அன்னைக்கு உண்மையா நெஞ்சு வலிச்சிச்சா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு இன்னும் ஆறு மாசம் சர்வீஸ் இருக்கு, மகள்."

"அவருக்கு அவ்வளவு நாள் இல்லீங்க ஐயா."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். "நான் தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றேன். மெதுவாத்தான் குடிப்பேன்" என்று வெளியே போனார்.

புத்தகத்தில் அந்தப் பக்கத்தை எடுத்தேன். இந்தத் தடவை தாள் வைக்கவில்லை.

முதல் வரி: பழனியாண்டி, நெஞ்சு வலி, ஓய்வு ஒரு நாள். இரண்டாவது வரி: ஒரு பெயர், அதற்கு நேரே இரண்டு சின்னக் கோடு. மேலே உள்ளதேதான் என்று அர்த்தம். மூன்றாவது வரி: பெயர், இரண்டு கோடு. நாலாவது, ஐந்தாவது, பக்கத்தின் அடிவரை. எண்ணினேன். நம்ப முடியாமல் திரும்ப எண்ணினேன். இருபத்து மூன்று பேர். ஒரே நாள், ஒரே தோட்டம், இருபத்து மூன்று பேருக்கு நெஞ்சு வலி. கடைசிக் கட்டத்தில் எல்லோருக்கும் ஒரே மருந்து: பரசிட்டமோல் இரண்டு. பழனியாண்டியின் வரியிலும் அதுதான். நெஞ்சு வலிக்கு இரண்டு பரசிட்டமோல்! அந்த வரியை மூன்று தடவை படம் எடுத்தவள் நான். விரல் வைத்தவர் ரிஸ்வி சேர். இருவர் கண்ணிலும் அது படவில்லை.

அங்கிருந்து நேரே ராஜேஸ்வரியின் வீட்டுக்குப் போனேன்; அவர் பையில் அதே தேதியில் ஒரு ரசீது இருந்தது. பழனியாண்டி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்த ரசீது. அன்று டவுனில் நடமாடும் சேவை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே இடத்தில் செய்து கொடுக்க அரசாங்க அதிகாரிகள் வந்த நாள். அதற்குத்தான் அத்தனை பேரும் போயிருக்கிறார்கள். நாட்டின் பிரஜை என்று ஒரு அட்டை வாங்க, நோயாளி என்று ஒரு துண்டு!

திங்கட்கிழமை காலை ரிஸ்வி சேர் மேசையில் நான் எடுத்துவந்த முழுப் பக்கத்தின் படத்தை வைத்தேன். மூச்சு வாங்க, கண்டதை எல்லாம் சொன்னேன். முதல் வரிக்குக் கீழே வேறு பெயர்கள் இருப்பதை அவர் கண்டார். உடனே கவிழ்த்து வைத்தார்.

"இத நான் பார்க்கக் கூடாது வாசுகி. மத்தவங்க பேர் இருக்கு."

"சேர், அதுலதான் உண்மை இருக்கு!"

"இருக்கலாம். அவங்க ஒவ்வொருத்தரும் எழுத்துல சம்மதிச்சா நான் பார்ப்பேன். ஏன் துண்டு வாங்கினாங்கன்னு அவங்களே சொல்லணும். அதோட வாடிக்கையாளர் கையெழுத்துல ஒரு மேன்முறையீடு." மேசை நாட்காட்டியைப் பார்த்தார். "ஆஸ்பத்திரி நாள் இன்னும் பன்னிரண்டு நாள்ல. அது எனக்கும் ஞாபகம் இருக்கு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜேஸ்வரியின் ஒற்றை அறை லயக் காம்பராவில் உட்கார்ந்தோம். உள்ளே பத்துப் பேர், வாசலில் மிச்சப் பேர். பழனியாண்டி கட்டிலில் தலையணை சாய்த்து உட்கார்ந்திருந்தார். நான் தயாரித்த படிவத்தை வாசித்துக் காட்டினேன். 'இன்ன நாளில் எனக்கு நெஞ்சு வலி இருக்கவில்லை. நடமாடும் சேவைக்குப் போவதற்காகவே துண்டு பெற்றேன். இந்தப் பதிவைக் காட்ட எனக்குச் சம்மதம்.' கீழே பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. கடைசியில் நானாகச் சேர்த்த ஒரு கட்டம்: வேறு காப்புறுதி உண்டா, இருந்தால் பொலிசி இலக்கம். எங்கள் படிவங்களில் எப்போதும் இருக்கும் கட்டம் அது. இல்லாவிட்டால் தலைமை அலுவலகம் குறை சொல்லுமோ என்று போட்டேன். யாரும் கேட்கவில்லை. நான்தான் போட்டேன்.

வாசலில் நின்ற ஒருவர், "இன்னைக்கு நாங்க கையெழுத்துப் போடுவோம், நாளைக்கு தொரை கையில இது கெடைக்கும். அப்புறம் உண்மையா நெஞ்சு வலிச்சாலும் துண்டு கெடையாது" என்றார். யாரும் அவரை மறுக்கவில்லை.

"போதும் ராஜி" என்றார் பழனியாண்டி. "எனக்காக ஊரையே மாட்டி விடாத."

"நீங்க பேசாம இருங்க. உங்களுக்கு மூச்சு விடவே நேரம் பத்தல, இதுல பேச்சு வேற."

அப்போது அடுப்புப் பக்கமிருந்து கமலம் எழுந்து வந்தார். அடுத்த காம்பராக்காரர், ராஜேஸ்வரியோடு ஒரே மலையில் கொழுந்து பறிக்கிறவர். இடுப்பிலிருந்து அடையாள அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அன்னைக்குப் படம் புடிக்கிறவன் சிரிக்காதீங்கன்னான். நான் சிரிச்சிட்டேன். பாருங்க மிஸ், நெஞ்சு வலிக்காரி மூஞ்சிய! இதவிட என்னா சாட்சி வேணும்?"

காம்பரா முழுக்கச் சிரிப்பு. பழனியாண்டிகூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சிரிக்க வைக்காத பாவி" என்றார். கமலம் குந்தி உட்கார்ந்து முதல் கையெழுத்தைப் போட்டார். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினார். கடைசிக் கட்டத்தையும். "எனக்கும் ஒங்க கம்பெனி பொலிசிதான் மிஸ். ராஜி எடுத்தப்ப நானும் எடுத்தேன்" என்று பெருமையாகச் சொல்லி, வீட்டுக்கு ஆள் அனுப்பி இலக்கத்தையும் எடுத்துவரச் சொன்னார்.

அவருக்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் மறுத்தவரும் கடைசியில் வந்தார். இருபத்து மூன்றில் ஒருவர் இறந்துவிட்டார், இருவர் கொழும்பில். மிச்ச இருபது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வராத மூன்று வரிகளுக்கு மட்டும் தாளைக் கீற்றாக வெட்டி ஒட்டினேன். ராஜேஸ்வரி சொல்லச் சொல்ல மேன்முறையீட்டை நான் எழுதினேன்; மற்ற இரண்டு 'நெஞ்சு வலி' நாட்களுக்கும் அவரிடம் காகிதம் இருந்தது. ஒன்று உடப்புசல்லாவையில் தங்கையின் சாவு வீடு, ஒன்று மகளின் பாடசாலைக் கூட்டம். திங்கட்கிழமை டாக்டர் ஐயா பக்கத்தின் பிரதியில் 'மெய்ப்பிரதி' என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

ரிஸ்வி சேர் கடைசித் தாளிலிருந்து முதல் தாளுக்குப் படித்தார். இருபது சம்மதத்திலும் விரல் வைத்தார். மேன்முறையீட்டுக் கடிதத்துக்கு வந்ததும், "இத எழுதினவங்க நல்லா எழுதியிருக்காங்க. நம்ம ஒஃபிஸ் பேனா மை மாதிரி இருக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார், அனுப்பியதோடு நிற்காமல் தினமும் காலையில் தொலைபேசியில், "கோப்பு எங்க இருக்கு?" என்று அங்கேயும் அதே கேள்வியைக் கேட்டார்.

பதில் ஆஸ்பத்திரி நாளுக்கு முந்தின நாள் வந்தது. நான் மேசைக்கு எதிரே நின்றேன். ரிஸ்வி சேர் வழக்கம்போல உறையைத் திறந்து கடைசித் தாளை எடுத்தார். அவர் முகம் மாறியது. நிராகரித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். அவர் முதல் தாளை உருவி என்னிடம் நீட்டினார். மேன்முறையீடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. நான் கத்தியே விட்டேன். முன்னால் இருந்த வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராஜேஸ்வரிக்கு அழைத்தேன், ஆஸ்பத்திரிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், அங்கிருந்து உறுதி வாங்கினேன். எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டேன்: "கடைசித் தாள்ல என்ன சேர்?"

அவர் அதைக் கவிழ்த்து வைத்திருந்தார். மெதுவாகத் திருப்பினார்.

அது கிளைக்கு வந்த உள் அறிவித்தல். 'பின்வருவோர் தமது சம்மதக் கடிதங்களில், பொய்யான மருத்துவத் துண்டு பெற்றதைத் தாமே ஒப்புக்கொண்டுள்ளனர். இவர்களது பொலிசிகள் மீள்பரிசீலனை முடியும்வரை இடைநிறுத்தப்படுகின்றன. தவணைகளை ஏற்க வேண்டாம். இவ்விடயத்தில் கிளை அலுவலர்கள் இவர்களுக்கு எவ்வித உதவியும் செய்தல் ஆகாது.' கீழே ஆறு பெயர், ஆறு பொலிசி இலக்கம். முதல் பெயர் கமலம்.

நான் போட்ட கட்டம். நான் கேட்டு வாங்கிய இலக்கங்கள். அவற்றைத் தெளிவாக, பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து ஒரு பட்டியலாகவும் இணைத்திருந்தேன், அவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

"இத எப்படி சேர்..." என்றேன்.

ரிஸ்வி சேர் அந்தத் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இன்னொரு பக்கம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "நான் இத எதிர்பார்க்கல" என்றார். அவர் வாயிலிருந்து, தாளில் விரல் வைக்காமல் வந்த ஒரே வசனம் அது.

பழனியாண்டிக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. எட்டு மணித்தியாலம். ராஜேஸ்வரி வெளியே நின்றபடி எனக்கு அழைத்து, "கண்ணு முழிச்சிட்டாரு மிஸ், மொத வார்த்தையே பசிக்குதுன்னாரு" என்று அழுதார். அவரிடம் அந்த ஆறு பேரைப் பற்றி நான் சொல்லவில்லை.

சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மறு வாரம் கமலம் கிளைக்கு வந்தார். எங்கள் காசாளரிடம் தவணை கட்டப் போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர், கூடவே கொடுத்த கடிதத்தைக் கையில் நாலாக மடித்து வைத்திருந்தார். கவுண்டருக்கு வெளியே நின்று என்னிடம் நீட்டினார். நான் வாசித்துச் சொன்னேன். ரிஸ்வி சேர் மாதிரி மரியாதையாக வாசிக்க எனக்கு வரவில்லை. நடுவில் இரண்டு தடவை நின்றுவிட்டேன்.

"நாங்க எழுதிக் குடுத்தது உண்மைதானே மிஸ்?"

"உண்மைதான் அக்கா."

"இத்தன வருசமா துண்டுல பொய் எழுதினோம். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. ஒரே ஒரு தடவ உண்மைய எழுதினோம், அதுக்கா இது?"

அவர் குரலில் கோபம்கூட இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். கணக்கப்பிள்ளையிடம் தன் கொழுந்தின் நிறுவையைப் பற்றிக் கேட்பது போல.

எனக்குப் பின்னால் ரிஸ்வி சேரின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரியும். உதவி செய்தல் ஆகாது என்ற தாள் அவர் மேசையில்தான் இருந்தது. என் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இரண்டு வரியில் என் ராஜினாமாவை எழுதி, அவர் முன்னால் வைத்தேன். அவர் எழுந்து நின்று, அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கவுண்டரின் பலகைக் கதவைத் தூக்கிக்கொண்டு வெளிப்பக்கம் வந்தேன். வாடிக்கையாளர் உட்காரும் வாங்கில் கமலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கைப்பையை வைத்து, அதன்மேல் தாளை விரித்தேன்.

"என்னா மிஸ், இந்தப் பக்கம் வந்துட்டீங்க?"

"மேன்முறையீடு எழுதணும்கா. நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். என்னான்னு எழுத?"

"அன்னைக்கு எழுதினதயேதான் எழுதணும். வேற உண்மைக்கு நான் எங்க போவேன்?" என்றார் கமலம். தாளை எட்டிப் பார்த்தார். "இந்தத் தடவ மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதுங்க."